மலைக்கும் ஒரு பேறுகாலம்

வேப்பூரைச் சுற்றி வாழும் நாம் சமவெளி மக்கள். நமக்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்தின் பழம்பெயர் திருமுதுகுன்றம். பெயரில் குன்று உண்டு. ஊரைச் சுற்றி வந்து தேடினால் குன்று இல்லை. மலையைப் பெயரளவில் மட்டும் வைத்திருப்போருக்கு மெய்யான மலையின்மீது வேட்கை மிகுவது இயல்பே அன்றோ? திருச்சி - சென்னை நெடுஞ்சாலையும், கடலூரிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் செல்லும் சாலையும் நம்மூரில்தான் சந்திக்கின்றன. கோடை வந்துவிட்டால் இச்சந்திப்பைக் கடந்து மேற்கு நோக்கிச் செல்லும் ஊர்திகளுக்குக் கணக்கில்லை.

மலைக்குச் செல்வோரில் அண்மைக் காலமாகப் புதியதொரு கூட்டத்தையும் காண்கிறோம். அவர்கள் சிகரத்தை நாடுவதில்லை, பாறையை நாடுகிறார்கள். கயிறு கட்டாமல், கீழே தடித்த மெத்தையொன்றை விரித்து, விரல்களில் வெண்பொடி பூசிக்கொண்டு, இரண்டு மூன்று ஆள் உயரமுள்ள உருண்டைப் பாறைகளில் ஏறுவது அவர்களின் கலை. ஹம்பியும் பாதாமியும் இராமநகரமும் இக்கலைக்குப் பெயர்பெற்ற இடங்கள். உடலுறுதியும் மனவொருமையும் வேண்டும் இப்பயிற்சியை நாம் குறைகூற வரவில்லை. நம் கேள்வி வேறு. பாறை ஏறுவோனுக்குக் களம். அதே பாறை வேறோர் உயிருக்கு வீடு. வீட்டுக்காரர் வாய்பேசாதவராக இருக்கும்போது, விருந்தாளியின் கடமை யாது?

நம்மூர் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமைதோறும் கூடுவது. ஆடுகளோடு பழகிய நமக்கு வரையாட்டின் கதை எளிதில் விளங்கும். தமிழகத்தின் மாநில விலங்கான வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளிலும் செங்குத்துப் பாறைகளிலும் மட்டுமே வாழ்வது. உலகில் வேறெங்கும் இல்லாதது. மழைக்காலத்தில் இணைசேர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதம் சுமந்து, பெரும்பாலும் தை, மாசித் திங்கள்களில் ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. சிறுத்தையும் செந்நாயும் எட்டமுடியாத பாறை விளிம்பே அதன் பேறுகால அறை. 1975ஆம் ஆண்டில் இ. ஆர். சி. டேவிதார் மலைமலையாக நடந்து இவற்றைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7ஆம் நாள் வரையாட்டு நாளாகக் கொள்ளப்படுகிறது. தமிழக அரசு வரையாட்டைக் காக்கத் தனித்திட்டம் வகுத்தபின், 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,031 என்றும், 2025இல் 1,303 என்றும் இம்மாநிலத்தில் எண்ணப்பட்டன. ஒரு பெரிய சந்தை நாளில் நாம் காணும் ஆடுகளின் அளவுகூட இல்லை இத்தொகை!

மூணாற்றை அடுத்த இரவிகுளம் 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவானது. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி அதற்குள் நிற்கிறது. அங்குள்ள இராசமலையை ஆண்டுதோறும் குட்டி ஈனும் பருவத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், பயணிகளுக்கு மூடிவிடுகிறார்கள். கர்நாடகத்து இராமநகரத்தில், 1975இல் வெளிவந்த 'ஷோலே' திரைப்படத்தால் நாடறிந்த அப்பாறைக் குன்றுகளில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. அவற்றுள் இராமதேவர பெட்டா 2012ஆம் ஆண்டில் கழுகுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பாறையேறுவோரின் பழைய களம் பறவையின் களமாயிற்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகரத்தார், பைரி முதலிய வல்லூறுகளுக்காகச் சில பாறைகளைப் பிப்ரவரி முதல் ஜூலை முடிய மூடுகிறார்கள். கூடு வெறுமையாயிற்று என்று உறுதியானால் முன்னதாகவே திறந்தும் விடுகிறார்கள். அங்கே பாறையேறுவோரே கூடுகளைக் கண்காணிப்பதில் துணைநிற்பதும் உண்டு.

"நான் ஒருவன் ஏறுவதால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்பவர் உண்டு. இவ்வினாவுக்குக் கழுகே விடை சொல்கிறது. கால்நடைகளின் வலி தீர்க்க டைக்குளோபினாக் என்னும் மருந்தைக் கொடுத்தவர் எவரும் கழுகைக் கொல்ல நினைத்தவரல்லர். ஒவ்வொருவரும் தம் மாட்டின் நோவைத் தணிக்கவே நினைத்தனர். ஆயினும் அம்மாடு இறந்தபின் அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்று மாண்டன. 1990களில் தொடங்கிய அச்சாவில் நம் நாட்டுக் கழுகினங்கள் மூன்றில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. கெட்ட எண்ணம் இல்லாமலே கேடு விளையலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கழுகு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். அஞ்சிப் பறந்த தாய் காலந்தாழ்த்தித் திரும்பினால், அந்த ஆண்டு அந்த இணைக்கு வீண். ஒருவன் ஏறினான் என்பது அவன் கணக்கு. அன்று ஏறியவர் பத்துப் பேர் என்பது கழுகின் கணக்கு.

இன்னொரு கேள்வி இதைவிட நுட்பமானது. எல்லைப் பலகைக்கு இப்பக்கம் நிற்கும் பாறை மூடப்படவில்லை; சட்டம் அதில் ஏறத் தடை சொல்லவில்லை. அங்கே ஏறலாமா? ஏறலாம் என்பதே நம் விடை. ஆனால் பலகை நம் காலை நிறுத்துகிறதேயொழிய நம் குரலை நிறுத்துவதில்லை. கூச்சலும் பாட்டுப்பெட்டியின் ஓசையும் இரவு விளக்கின் ஒளியும் படம்பிடிக்கும் பறக்கும் பொறியும் எல்லையைத் தாண்டிச் செல்லும். பலகைக்கு இப்பால் நிற்பவன் தன் ஓசையையும் இப்பாலேயே நிறுத்திக்கொள்வானாயின், அவன் சட்டத்தின் எழுத்தோடு அதன் நோக்கத்தையும் காத்தவனாவான்.

காலமும் இடமும் குறித்து ஒதுங்கி நிற்றல் நமக்குப் புதிய பாடமன்று. ஹஜ்ஜுக்கு இஹ்ராம் பூண்டவர் நில விலங்கை வேட்டையாடலாகாது. இஹ்ராம் களைந்தபின் அத்தடை நீங்குகிறது. மற்ற நாளில் ஆகுமானது அந்நாளில் மட்டும் விலக்கப்படுகிறது. மக்காவின் ஹரம் எல்லைக்குள்ளோ எந்நாளும் வேட்டையில்லை. தானே முளைத்த செடியையும் வெட்டலாகாது. பயணத்தில் தோழர்கள் ஒரு சிறு பறவையின் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்ததைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே சேர்ப்பிக்கப் பணித்த செய்தியும் நாம் அறிந்ததே. அப்பயணிகள் குடிகொண்ட வீட்டுக்காரர்கள் அல்லர். அவ்வழியே கடந்து போனவர்கள். நம் மலைப்பயணிகளைப் போலவே.

எனினும் மூடுவோர்க்கும் ஒரு கடமை உண்டு. இரண்டு மாதம் மலை மூடினால் வாடகை ஊர்தி ஓட்டுபவரின் அடுப்பும், வழியோரத் தேநீர்க் கடைக்காரரின் அடுப்பும் அணைகின்றன. அதே காலத்தில் மலைச்சரிவின் பெரிய விடுதிகள் விளக்கெரிய நடக்குமானால், மூடுதல் எளியவர்மேல் மட்டும் விழும் சுமையாகிவிடாதா? இவ்விடத்தில் கலீபா உமர் (ரலி) அவர்களின் நெறி நினைவுக்கு வருகிறது. ஹிமா எனப்பட்ட காப்பு மேய்ச்சல் நிலத்துக்குக் காவலரை அமர்த்தியபோது, சில ஒட்டகமும் சில ஆடுமே உடையவனை உள்ளே விடுமாறும், செல்வர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தடுக்குமாறும் அவர்கள் கட்டளையிட்டார்கள். மந்தை அழிந்தால் செல்வருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழைக்கு வேறு போக்கில்லை என்பதே அவர்கள் காட்டிய காரணம். காப்பு நிலம் வேண்டும்; அதன் காவல் நீதியோடு வேண்டும். மலையில் தலைமுறையாய் வாழும் பழங்குடியினரின் வழிநடையும், கடைக்காரரின் பிழைப்பும் அந்நீதிக்குள் அடங்கவேண்டும். மூடும் நாளை முன்கூட்டி அறிவிப்பதும், அந்நாள்களில் உள்ளூராருக்குக் காவல்பணியில் கூலி தருவதும் அரசுக்கு அரியவையல்ல.

மூடுதல் விலங்குக்காக மட்டும் என்றும் எண்ணவேண்டா. 2018 மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்றோரில் 23 பேர் மாண்டதை நாடு மறக்கவில்லை. காய்ந்த புல்லும் கோடைக் காற்றும் சேர்ந்தால் காட்டில் ஓடித் தப்ப வழியில்லை. வேட்கை மிகுந்த கோடையே மலை நம்மை ஏற்காத பருவமாகவும் அமைந்துவிடுகிறது.

விடுமுறை கிடைக்கும் மாதத்தில் மலை மூடியிருக்கிறதே என்று வருந்துவோரின் ஏக்கத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. நூற்றுக்கணக்கான கல் கடந்து வந்தவன் சங்கிலியிட்ட வாயிலின்முன் நிற்பது துன்பமே. ஆனால் காத்திருத்தல் நம் மண்ணுக்குத் தெரிந்த தொழில். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளி சூளையை அணைத்த கையோடு திறப்பதில்லை. உள்ளே இருப்பது தன் உழைப்பேயானாலும், ஆறுமுன் திறந்தால் வெடித்துப்போகும் என்பதை அவர் அறிவார். ஈன்ற ஆட்டை நம்மூர் இடையர் மறுநாளே தொலைவு ஓட்டுவதில்லை. தம் பொருளுக்கே இவ்வளவு பொறுமை காட்டுவோர், தமக்குச் சொந்தமல்லாத உயிருக்குச் சற்றுக் கூடுதலாகவே காட்டலாம்.

ஆகவே மலைக்குப் புறப்படும் நம் இளைஞர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான். புறப்படுமுன் எந்தப் பாறை எந்த மாதத்தில் மூடியிருக்கும் என்று வனத்துறையிடம் கேளுங்கள். மூடிய பக்கத்தை விட்டுத் திறந்த பக்கத்தில் ஏறுங்கள். ஏறும்போது அமைதியாக ஏறுங்கள். பூசிய வெண்பொடியைத் துடைத்து, கொண்டுசென்ற குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஐப்பசியிலோ மார்கழியிலோ மீண்டும் செல்லுங்கள். அப்போது பாறை அங்கேயே இருக்கும். இவ்வாண்டு பிறந்த குட்டியும் தாயின் பின்னே அதன்மேல் நிற்கக்கூடும்.