தாயின் சுவர்

தாமரை மலர்ந்திருக்கும்போது எல்லாரும் பார்க்கிறார்கள். இதழ் உதிர்ந்த பிறகு அதைத் திரும்பிப் பார்ப்பவர் சிலரே. அப்போதுதான் பூவின் நடுவில் இருந்த பொகுட்டு முற்றுகிறது. அதன் குழிகளில் கரிய கொட்டைகள் தோன்றுகின்றன. அவற்றை விதை என்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு கனி. விதை அதற்குள்ளே இருக்கிறது. வெளியே தெரிவது கனியின் சுவர்.

அந்தச் சுவர் யாருடையது? பூவின் சூலகச் சுவரே முற்றிக் காய்ந்து இறுகி ஓடாகிறது. ஆகவே அது தாயின் உடம்பு. உள்ளே, இருட்டிலும் பச்சை நிறம் மாறாமல் உறங்குகிறது குழந்தை. தாய்ச்செடி மடிந்து சேறாகிவிட்ட பின்பும் அவளுடைய அணைப்பு மட்டும் விலகுவதில்லை.

எத்தனை காலம் விலகுவதில்லை? வடகிழக்குச் சீனாவில், வற்றிப்போன ஓர் ஏரியின் படுகையில் பழைய தாமரைக் கொட்டைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஏறத்தாழ 1,300 ஆண்டு வயதுடையது. அதை முளைக்கச் செய்த செய்தியை ஜேன் ஷென்-மில்லர் என்ற அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 1995-ல் வெளியிட்டார்கள். எத்தனையோ அரசுகள் தோன்றி அழிந்தன. ஒரு தாய் கட்டிய சிறு சுவர் அழியவில்லை.

இதைக் கேட்டதும் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். நன்கு முற்றிய தாமரைக் கொட்டையை அப்படியே தண்ணீரில் போட்டால் அது எளிதில் முளைக்காது. பகையைத் தடுக்கும் ஓடு தண்ணீரையும் தடுக்கிறது. அதனால் தாமரை வளர்ப்பவர்கள் அரத்தாலோ உப்புத்தாளாலோ ஓட்டின் ஒரு பக்கத்தைத் தேய்க்கிறார்கள். தேய்த்து நீரில் இட்டால் சில நாட்களில் முளை எட்டிப் பார்க்கிறது. அளவுக்கு மீறித் தேய்த்தாலோ உள்ளிருக்கும் உயிருக்கே காயம்.

நம் வீடுகளிலும் இத்தகைய சுவர்கள் உண்டு. வறுமையில் அடிபட்டவர்களே மிகக் கெட்டியான சுவரை எழுப்புகிறார்கள். "நான் பட்ட பாடு என் பிள்ளை படக்கூடாது" என்பதே அதன் சாந்து. வெளியூர் வேலை வேண்டாம், தெரியாத மனிதர் வேண்டாம், துணிந்து எதிலும் இறங்க வேண்டாம். ஒவ்வொரு 'வேண்டாம்'-உம் அன்பில் பிறந்ததுதான். அதைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? சுவரே இல்லாத விதையைப் புழு தின்றுவிடும். அதற்குப் பிறகு விடுதலையைப் பற்றிப் பேசிப் பயன் இல்லை.

ஆனால் நெடுங்காலக் காவலுக்கும் ஒரு விலை உண்டு. அந்தச் சீனத்துப் பழங்கொட்டைகளில் முளைத்த செடிகள் பல சீராக வளரவில்லை. சுற்றியிருந்த மண்ணின் மெல்லிய கதிரியக்கம் நூற்றாண்டுகளாக ஓட்டை ஊடுருவியதே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். நீரையும் காற்றையும் தடுத்த சுவரால் அதைத் தடுக்க முடியவில்லை. சுவருக்குள் இருந்தாலும் காலம் உயிரைத் தொடாமல் விடுவதில்லை.

தாமரைத் தாய்க்குத் தன் சுவரைத் தானே திறக்கும் வாய்ப்பு இல்லை. கட்டிவிட்டு அவள் போய்விடுகிறாள். மனிதத் தாய்க்கும் தந்தைக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது. அவர்கள் உயிரோடு அருகிலேயே இருக்கிறார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு தேய்த்தால் காயம் படாது என்று அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? கட்டிய கைக்குத்தான் அரத்தை எடுப்பது கடினம். ஆயினும் அதை அந்தக் கையே எடுப்பதுதான் பிள்ளைக்கு நல்லது.