தானாக விலகிய அறிகுறி

சுந்தரருக்கு இடக்கண் பார்வை திரும்பிய இடம் காஞ்சி ஏகம்பம். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரியமாட்டேன் என்று மகிழமரத்தடியில் செய்துகொடுத்த சத்தியத்தை மீறி அவர் ஊர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் இருண்டன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றொன்று. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துச் சொன்ன இந்த வரலாற்றோடு ஒரு கேள்வியும் ஊரில் வாழ்கிறது: உடம்பில் திடீரென்று வரும் முடக்கம் தெய்வம் கொடுத்த தண்டனையா? அது தானாக விலகினால் மன்னிப்பா?

அதே காஞ்சியின் பட்டுத் தறியில் வைத்தே இதைப் பார்க்கலாம். கோர்வைச் சேலைக்கு இருவர் வேண்டும். நெசவாளர் குழிக்குள் காலை விட்டு மிதிக்கிறார். பக்கத்தில் உதவியாள் கரைக்கு நாடா கொடுக்கிறார். ஒருநாள் நெசவாளரின் வலது கை நாடாவை நழுவவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். "என்னண்ணே, வாய் ஒரு பக்கமா கோணுது?" என்கிறார் உதவியாள். பதில் குழறலாக வருகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. வீட்டில் காமாட்சிக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிகிறார்கள். மறுநாள் தறி ஓடுகிறது.

மருத்துவம் இதைச் சிறு பக்கவாதம் என்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டி கரைந்துவிட்டது. ஆனால் கட்டி உருவாகக் காரணமான ரத்தக்கொதிப்போ, சர்க்கரையோ, புகைப்பழக்கமோ, இதயத் துடிப்புக் கோளாறோ அப்படியேதான் இருக்கிறது. இப்படி வந்துபோனவர்களில் சிலரை இரண்டு நாளுக்குள்ளேயே முழுப் பக்கவாதம் தாக்கிவிடுகிறது. ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோல் சில நிமிடம் இருண்டு தெளிவதும் இதே எச்சரிக்கையாக இருக்கலாம்.

காமாட்சியின் அருள்தான் என்று நம்புகிறவரோடு வழக்காட வேண்டியதில்லை. அந்த அருள் அவகாசத்தைத்தானே கொடுத்திருக்கிறது? அதை வீணாக்குவது எந்தப் பக்தியிலும் சேராது.

காக்காய் வலிப்பிலும் இதே குழப்பம். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமாகவே அடங்கும். கையில் திணித்த இரும்புச் சாவிக்குப் பெயர் போகிறது. விழுந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே மருத்துவமனை. கைகால் வெட்டாத வலிப்பும் உண்டு. பாடத்தின் நடுவே சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, இடையில் நடந்தது தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்குக் "கவனமில்லை" என்று அடிதான் கிடைக்கிறது.

தண்டனை என்ற எண்ணத்துக்குப் பதில் பெரிய புராணத்துக்குள்ளேயே இருக்கிறது. நடராசர் காலடியில் கிடக்கும் முயலகனின் பெயரால் ஒரு நோயைச் சொல்கிறார் சேக்கிழார். அதை வலிப்பு என்றே பலர் கொள்கிறார்கள். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகள் அந்த நோயால் உணர்வற்றுக் கிடந்தாள். சம்பந்தர் அவள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்கவில்லை. இவளை இப்படி வாட்டுவது உமக்குத் தகுமா என்று இறைவனிடமே பதிகம் பாடிக் கேட்டார். நோயாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாத அந்த மனம்தான் இன்றைக்கும் வேண்டியிருக்கிறது. கிரேக்கத்தில் ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் நூலொன்றும், சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பே, வலிப்பு தெய்வக் குற்றமல்ல, மூளையிலிருந்து வருவது என்று வாதிட்டது.

தண்டனை என்று நினைக்கிற குடும்பம் நோயை மறைக்கிறது. மறைப்பதில் போவது நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக, அறிகுறி தொடங்கிய நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேனில் உறுதிசெய்ய வேண்டும். வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழைக்க வேண்டும், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும்கூட. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். வீட்டாருக்கு அது தெரிந்திருக்காது. தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியும். அவரும் வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும்.