மிச்சம் நின்னா கூலி

போன மாதம் என் ஆபீஸ் பையின் வார் அறுந்துவிட்டது. பத்து வருடமாக லேப்டாப், டிபன் பாக்ஸ், குடை, பாதி படித்த புத்தகம் எல்லாவற்றையும் தாங்கிய தோல் பை. தூக்கிப் போட மனசு வரவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்து வேப்ப மரத்தடியில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டு போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு பக்கமும் புதுசா தோல் வச்சுத் தைக்கணும் சார். நூத்தம்பது குடு."

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

"நூறு ரூபா வாங்கிக்குங்க."

என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "சரி, உக்காரு சார்."

ஐம்பது நிமிடம் ஆனது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பழைய தையலை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தார். சாக்கிலிருந்து துண்டுத் தோல்களைக் கொட்டி, பையின் நிறத்துக்குக் கிட்டத்தில் வருகிற ஒன்றைத் தேடினார். தேய்ந்து தேய்ந்து பாதியாகிவிட்ட கத்தியைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்து, தோலின் ஓரத்தை மட்டும் சீவி மெலிதாக்கினார். (சீவாவிட்டால் ஒட்டின இடம் மேடு தட்டுமாம்.) பசை தடவிக் காயவிட்டார். அப்புறம் கொக்கி வைத்த குத்தூசி. மேலிருந்து குத்தி, அடியில் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுத்து, அந்த வளையத்துக்குள் நூலின் இன்னொரு முனையை விட்டு, இரண்டு பக்கமும் இழுத்து இறுக்க வேண்டும். அப்போதுதான் ஒரு தையல். இப்படி முப்பது, நாற்பது.

நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, ஐம்பது மிச்சம் பிடித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் மட்டும் வந்திருக்காவிட்டால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

அவன் இன்ஜினீயர். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஒரு வருடமாக மாடியறையில் தோல் வேலை செய்கிறான். பர்ஸ், பெல்ட், டைரி உறை. "செருப்புத் தைக்கவாடா உன்னைப் படிக்க வச்சோம்?" என்று கேட்டுவிட்டு அக்கா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. (இந்த வாக்கியத்துக்குப் பிறகு வருகிறேன்.) "மாமா, நீங்கதானே பி.காம்.? விலை சரியா வச்சிருக்கேனான்னு பாருங்க" என்று லேப்டாப்பைத் திறந்தான்.

ஒரு பர்ஸின் அடக்க விலை. எனக்குக் கல்லூரி ஞாபகமே வந்துவிட்டது.

தோல் பெரியமேட்டில் வாங்குகிறான். தோலுக்குக் கணக்கு சதுர அடிதான், கிலோ இல்லை. கடையில் 'அடி என்ன விலை?' என்றுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு தோலின் பின்பக்கத்திலும் பன்னிரண்டே முக்கால், பதினாலேகால் என்று அளவு எழுதியிருக்கும். ஆனால் துணி மாதிரி நேராக வெட்ட முடியாது. முதுகுப் பக்கம் கெட்டியாக இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும், பெல்ட்டுக்கு உதவாது. கழுத்தில் சுருக்கம். நடுவில் எங்கேயாவது உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த தழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே விலைதான். மாடு வாழ்ந்த வாழ்க்கையை நாம் அடிக் கணக்கில் வாங்குகிறோம். கால்வாசி கழிவாகப் போய்விடும் என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறான். நான் படித்த காஸ்டிங் புத்தகத்தில் இதற்கு 'நார்மல் லாஸ்' என்று பெயர். அதை நல்ல சரக்கின் தலையில் ஏற்றிவிட வேண்டும்.

ஏற்றியிருந்தான். ஒரு பர்ஸுக்குக் கழிவு உட்பட ஒன்றரை அடி, அடி 180 வீதம் 270 ரூபாய். மெழுகு நூல், பசை, ஓரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மெழுகு எல்லாம் 40. அட்டைப் பெட்டி 60. கருவிகளுக்கு, அதாவது வரிசையாகத் துளை போடும் பல்லுளி, ஓரம் செதுக்கும் கருவி, தைக்கும்போது தோலைக் கவ்விக்கொள்ளும் மரக் கிடுக்கி, வெட்டுப் பாய் இதற்கெல்லாம் 22,000 போட்டிருக்கிறான். 500 பர்ஸுக்கு அவை உழைக்கும் என்று பிரித்து, பர்ஸுக்கு 44. ஆக 414.

அடுத்து கூலி. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரண்டையும் எதிரெதிராக விட்டுத் தைக்கிறான். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளுமாம். மிஷின் தையல் அப்படி இல்லை, ஒரு இடத்தில் விட்டால் கடகடவென்று பிரிந்துவிடும். ஒரு பர்ஸுக்கு ஐந்து மணி நேரம். மணிக்கு 200 வீதம் 1,000.

"இருநூறுன்னு எப்படிடா போட்டே?"

"என் பழைய சம்பளத்தை மணிக்கணக்காப் பிரிச்சா இதைவிட ஜாஸ்தி வரும் மாமா. நானாத்தான் குறைச்சுக்கிட்டேன்."

மொத்தம் 1,414. விற்கிற விலை 1,800. வித்தியாசத்தில் கண்காட்சிக் கடை வாடகை, விற்காமல் தங்குகிற சரக்கு எல்லாம் அடங்க வேண்டும். கணக்கு சரி என்றேன். அவன் முகம் மட்டும் சரியாக இல்லை. போன வாரக் கண்காட்சியில் ஒரு அம்மா 1,200-க்குக் கேட்டிருக்கிறார். காலையிலிருந்து ஒன்றும் போகவில்லை. கொடுத்துவிட்டான்.

"அறுநூறு குறைச்சேனே மாமா, அது எதுலேர்ந்து குறைஞ்சுது?"

நல்ல கேள்வி. தோல் கடைக்காரர் குறைத்தாரா? இல்லை. நூல்காரர், பெட்டிக்காரர்? அவர்களுக்கு இந்தப் பேரம் நடந்ததே தெரியாது. 414 அப்படியே நிற்கிறது. 1,200-ல் அதைக் கழித்தால் 786. அதை ஐந்து மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 157 சொச்சம். கடை வாடகையையும் கழித்தால் இன்னும் கீழே. பேரத்தில் கரைகிற ஒரே சரக்கு அவனுடைய நேரம்தான்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு என் பை ஞாபகம் வந்தது. பெரியவர் வைத்த தோல், நூல், பசை, இரண்டு ரிவெட், தாராளமாகவே போட்டாலும் 40 ரூபாய். அவர் கேட்டதில் கைக்கு நின்றிருக்க வேண்டியது 110. நான் கொடுத்ததில் நின்றது 60. மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கூலியில் குறைத்தது 45 சதவீதம்.

மறுநாள் ஆபீஸ் போகிற வழியில் மரத்தடியில் நின்றேன். விஷயத்தைச் சொல்லவில்லை. சும்மா பேச்சுக் கொடுத்தேன். துண்டுத் தோலை எடை போட்டு வாங்குகிறார். கருவிகள் அவருடைய அப்பா வைத்திருந்தவை. கத்தி, குத்தூசி, சுத்தியல், செருப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கிற இரும்பு. கணக்குப் புத்தகப்படி இவற்றின் மதிப்பு எப்போதோ பூஜ்யமாகியிருக்கும். அன்று மத்தியானம் வரைக்கும் நான் இரண்டாவது ஆளாம். முதல் ஆள் செருப்பு ஆணி, பத்து ரூபாய்.

"ஒரு வேலைக்கு உங்க கூலின்னு எவ்ளோ வைப்பீங்க?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. மறுபடி கேட்டேன். சிரித்தார்.

"தோல் காசு, நூல் காசு, டீ காசு போக மிச்சம் நின்னா அதான் சார் கூலி."

நான் படித்த பாடத்தில் கூலியை முதலில் எழுதுவோம். மிஞ்சுவதற்கு லாபம் என்று பெயர். வேலையில்லாமல் காத்திருக்கிற நேரத்துக்குக்கூட 'ஐடில் டைம்' என்று தனி வரி உண்டு, அதற்கும் சம்பளம் உண்டு. இவருக்குக் கூலியே மிச்சம்தான். முதலாளியும் இவரே, தொழிலாளியும் இவரே. நஷ்டத்தை மட்டும் தொழிலாளி ஏற்றுக்கொள்கிறார்.

இதை முதலில் யோசித்தவன் நான் இல்லை. இரண்டாயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன்பே அரிஸ்டாட்டில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். நியாயமான பரிமாற்றம் எது என்று அறவியல் நூலில் கேட்கும்போது, உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு வீடு கட்டுபவரும் ஒரு செருப்புத் தைப்பவரும். எத்தனை செருப்பு கொடுத்தால் ஒரு வீட்டுக்குச் சமம்? ஒருவருக்கொருவர் தேவை இருப்பதால்தான் பரிமாற்றமே நடக்கிறது, அதை அளக்கத்தான் பணம் என்கிறார். அதுவரை சரி. ஆனால், வீடு கட்டுபவருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் என்ன விகிதமோ, அந்த விகிதத்தில் செருப்பும் வீடும் மாற வேண்டும் என்று ஒரு வார்த்தை சேர்க்கிறார். மனிதனுக்கும் மனிதனுக்கும் என்ன விகிதம்? திறமையா, உழைத்த நேரமா, ஊரில் இருக்கிற அந்தஸ்தா? அரிஸ்டாட்டில் விளக்கவில்லை. அறிஞர்கள் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள்.

நம் ஊரில் அந்தச் சண்டையே தேவைப்படவில்லை. விகிதத்தைப் பிறப்பிலேயே எழுதி வைத்துவிட்டோம். அக்கா கேட்டாளே, 'செருப்புத் தைக்கவா' என்று, அந்தக் கேள்விக்குள் இருப்பது அதுதான். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் செத்த மாட்டைத் தூக்கு, தோலை உரி, பதப்படுத்து, செருப்புத் தை என்று சில சாதிகளின் தலையில் கட்டி, செய்ததற்காகவே அவர்களைத் தள்ளியும் வைத்த ஊரில் வளர்ந்தவள். நானும் அங்கேதான் வளர்ந்தேன். பெரியவரிடம் 'நூறு ரூபாய்' என்று யோசிக்காமல் என் வாயில் வந்தது எந்தக் கணக்கிலிருந்து வந்தது? அதே ஐம்பது நிமிடத்துக்கு என் லேப்டாப்பைப் பழுது பார்க்கிற பையன் 800 கேட்டால் தலையாட்டிவிட்டு ஜி.பே. செய்கிறேன்.

அக்கா இப்போது பேசுகிறாள். மகன் செய்த பர்ஸை சம்பந்தி வீட்டுக்குப் பரிசாகக் கொடுக்கிறாள், 'ஹேண்ட்மேட்' என்று சொல்லி. பெரியவர் தைத்ததும் கையால்தான்.

டால்ஸ்டாய் பெரிய ஜமீன்தார். வயதான காலத்தில் பூட்ஸ் தைக்கக் கற்றுக்கொண்டார். 1885-ல் அவர் தைத்த ஒரு ஜோடியைக் கவிஞர் ஃபெத் 6 ரூபிள் கொடுத்து வாங்கி, இன்னார் தைத்தது என்று சான்றும் எழுதி வைத்தார். அந்த ஊரில் பரம்பரையாகத் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு யாரும் சான்று எழுதியதாகத் தெரியவில்லை. டால்ஸ்டாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. அக்கா மகன் மேலும் இல்லை. அவன் விரல் முழுக்கக் காயம், உண்மையாகத்தான் உழைக்கிறான். ஆனால் நாளைக்கே இது சரிப்படாவிட்டால் அவன் பழைய கம்பெனிக்கு பயோடேட்டா அனுப்பலாம். பெரியவர் யாருக்கு அனுப்புவார்?

இன்னொன்றும் உறுத்துகிறது. அசையாமல் நின்றது என்று சொன்னேனே, அந்தத் தோல் விலை, அதுவாவது முழுசா? ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் ஊறவைத்துப் பதனிட்ட தோல் நம்முடையது. பிறகு குரோமியம் வந்தது. வேலை ஓரிரு நாளில் முடிந்தது, விலையும் குறைந்தது. குறைந்ததை யார் கட்டினார்கள்? பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருந்தவர்கள். மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதே வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் வழக்கில்தான். அதே விவகாரத்துக்காக 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் 2015-ல், ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்துப்போனார்கள். அடி 180 ரூபாய் என்ற விலையில் இதெல்லாம் எந்த வரியில் இருக்கிறது?

நீங்கள் கேட்கலாம்: 'அதற்காகப் பேரமே பேசக் கூடாதா? அவர் பேரத்துக்கென்றே ஐம்பது ஏற்றித்தானே சொல்லியிருப்பார்?' இருக்கலாம். நானும் அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் ஏற்றிச் சொன்னார் என்பது என் ஊகம். அவர் கையில் 60 ரூபாய்தான் நின்றது என்பது கணக்கு. கணக்கை விட்டுவிட்டு ஊகத்தைப் பிடித்துக்கொள்கிற பி.காம்.காரனை என் பழைய வாத்தியார் பெஞ்ச் மேல் ஏற்றியிருப்பார்.

போன வியாழக்கிழமை ஐம்பது ரூபாயை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

"எதுக்கு சார்? அதான் அன்னிக்கே குடுத்திட்டியே."

"அன்னைக்குக் குறைச்சுக் கொடுத்தேன். வச்சுக்குங்க."

கையை நீட்டவில்லை. என் காலைப் பார்த்தார். "செருப்பக் கழட்டு. வார் பிஞ்சிக்கப் போவுது பாரு" என்று அவரே பிடுங்கிக்கொண்டு குத்தூசியை எடுத்தார். ஐம்பதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"இதுக்கு எவ்ளோ?" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார். "நீயே பாத்துக் குடு சார்."

பொசுக்குகிற வெயில். அவர் போட்டுக் கொடுத்த அட்டைத் துண்டின் மேல் ஒற்றைக் காலில் நின்றபடி, ஒரு தையல், இரண்டு தையல் என்று எண்ண ஆரம்பித்தேன்.