அச்சத்தில் ஓர் இன்பம்

"பேய்ப்படம் பார்ப்பது பாவமா, சாமி?" என்று பங்கு இளையோர் கேட்பதுண்டு. இதற்கு விடை கூறுவது எளிது. ஆனால், நுழைவுச்சீட்டு வாங்கி, இரண்டு மணி நேரம் நடுங்கிவிட்டு, மகிழ்ச்சியோடு வெளியே வருகிறானே மனிதன், அது ஏன்? இதுவே கடினமான வினா.

ஆபத்தில்லாத அச்சம் இனிக்கிறது என்பர் பலர். உண்மைதான். பாட்டி பேய்க்கதை சொல்லும்போது பிள்ளைகளின் நெஞ்சு படபடக்கிறது. ஆனால் பாட்டியின் சேலைத் தலைப்பு கைக்குள் இருக்கிறது. ஆகவேதான் இன்னொரு கதை கேட்கின்றனர். ஆயினும் இவ்விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. திரையில் ஆபத்து நமக்கு இல்லை, மற்றொருவருக்கு இருக்கிறது. அவரது அலறலைக் கேட்டுக்கொண்டே நாம் அமர்ந்திருக்கிறோம்.

இவ்விடத்தைத் தொட்டவர் புனித அகுஸ்தினார். இளமையில் கார்த்தேஜ் நகரின் நாடகங்களில் மயங்கிக் கிடந்தவர் அவர். தமது வாழ்வைக் கடவுள்முன் விரித்துரைத்த நூலின் மூன்றாம் பகுதியில், தான் பட விரும்பாத துன்பத்தை மேடையில் கண்டு அழுவதில் மனிதன் ஏன் இன்புறுகிறான் என வினவுகிறார். நாடகம் நம்மைத் துயரப்பட அழைக்கிறது. உதவ அழைப்பதில்லை என்பது அவர் கண்ட உண்மை. இரக்கம் உண்டு, கடமை இல்லை. திகில் படத்தின் சுவையிலும் பெரும்பங்கு இந்த விடுதலைதான் என்று எண்ணுகிறேன். கற்பனைப் பாத்திரத்தைக் காப்பாற்ற யாராலும் இயலாது. அதனால் அங்கே குற்றமில்லை. ஆனால் கண் பழகிவிடுகிறது. நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைச் சூழ்ந்து நின்று கைப்பேசியில் படம் எடுப்போர் எல்லாரும் கொடியவர் அல்லர். பார்வையாளர் இருக்கையை விட்டு இன்னும் எழாதவர்கள். (இதற்காகத் திரைப்படத்தை மட்டும் பழிப்பதும் முறையன்று. சிதைந்த பிணத்தைக் காண மக்கள் ஓடியதை அகுஸ்தினாரே எழுதியிருக்கிறார்.)

அச்சப்படும் நமக்குள் மற்றோர் ஏக்கமும் உண்டு. அந்த அறைக்குள் யாராவது போகமாட்டார்களா என்பதே அது. 1973இல் வெளிவந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' என்னும் அமெரிக்கப் படம் இந்த ஏக்கத்தின்மீதே எழுப்பப்பட்டது. கத்தோலிக்கரான வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971இல் எழுதிய புதினமே அதன் மூலம். நடிகர்களின் மூச்சு ஆவியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, படுக்கையறை அரங்கையே கடுங்குளிரூட்டிப் படம்பிடித்தனர். திகிலூட்ட அவ்வளவு பாடுபட்டனர்! ஆனால் கதையின் பாரத்தைச் சுமப்பவர் தாமியன் காரஸ் என்னும் இயேசு சபைக் குரு. மனநல மருத்துவரான அவர், தாயை இழந்து, விசுவாசமும் தளர்ந்து நிற்பவர். அலௌகிக ஆற்றல் எதுவும் அவரிடம் இல்லை. இறுதியில், சிறுமியை விட்டுத் தம்முள் வருமாறு தீய ஆவிக்கு அறைகூவல் விடுத்து, சன்னல் வழியே பாய்ந்து, கற்படிகளில் உருண்டு விழுகிறார்.

உடனே ஓடிவரும் நண்பரான குரு, பேச்சிழந்து கிடக்கும் அவரது கையைப் பற்றிக்கொண்டு பாவமன்னிப்பு வழங்குகிறார். அந்த நண்பராக நடித்த வில்லியம் ஒமாலி உண்மையிலேயே இயேசு சபைக் குரு. படம் பார்த்தவர்களைக் கேளுங்கள். சிறுமியின் தலை பின்புறம் திரும்பியது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்தப் படிக்கட்டின் அடியில் ஒருவர் மற்றவரின் கையைப் பிடித்திருந்ததை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.