ஒரு நாழிகை உயிர்

பிழைக்கமாட்டான் என்று தெரிந்துவிட்ட நோயாளிக்குத் தர்மப் பணத்தைச் செலவிடலாமா, அல்லது அதைப் பிழைக்கக்கூடியவனுக்கென்று ஒதுக்கிவைப்பதே நியாயமா என்ற கேள்வி, மனிதன் பிறருக்கு உதவத் தொடங்கிய நாள் முதலாகவே இருந்திருக்க வேண்டும். ஆயினும் அந்தக் கேள்வி இரண்டு ஸ்தாபனங்களின் உருவம் தாங்கி, ஒரே நகரத்தில், ஒரே மதத்தைச் சேர்ந்த மக்களிடையே நேருக்கு நேர் நின்று வழக்காடியது அபூர்வம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது நடந்தது.

க்ஷயரோகத்துக்குக் காரணமான கிருமியை ஜெர்மனியில் ராபர்ட் காக் 1882-ஆம் ஆண்டு கண்டறிந்து அறிவித்தார் என்றாலும், அதைக் கொல்லும் மருந்து கிடைக்க அதற்குப்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் வைத்தியர்கள் நம்பியிருந்ததெல்லாம் சுத்தமான காற்றையும் வெயிலையும் ஓய்வையும் புஷ்டியான ஆகாரத்தையுமே. ஒரு மைல் உயரத்தில், வறண்ட காற்றும் மிகுந்த வெயிலும் உள்ள டென்வருக்கு, கிழக்குக் கரை நகரங்களின் காற்றோட்டமில்லாத தையற்கூடங்களில் இருமத் தொடங்கிய ஏழை யூதத் தொழிலாளர்கள், கையிலிருந்ததையெல்லாம் ரயில் கட்டணமாகக் கொடுத்துவிட்டு வந்து இறங்கினார்கள். இத்தகையோருக்காக 1893-ல் எழுப்பப்பட்ட தேசிய யூத ஆஸ்பத்திரி, அவ்வாண்டில் வெள்ளியின் விலை வீழ்ந்து கொலராடோவின் பொருளாதாரமே சரிந்துபோனதால், ஆறு ஆண்டுகள் வெறுமனே நின்று, 1899-ல்தான் திறக்கப்பட்டது. முன்பே அமெரிக்காவில் வேரூன்றி வசதியாக வாழ்ந்த ஜெர்மானிய வழி யூதர்களே பெரும்பாலும் அதைத் தாங்கினார்கள். நோயாளியிடம் ஒரு காசும் வாங்குவதில்லை என்ற அதன் கொள்கை போற்றத் தக்கது. ஆனால் நோய் ஆரம்ப நிலையில் உள்ளவர்களையே, அதுவும் ஆறு மாத காலத்துக்கே, சேர்த்துக்கொள்வது என்பது அதன் தொடக்ககால விதி. நோய் முற்றி வந்தவனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை.

திறக்காத அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிச் சிந்தித்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் சார்லஸ் ஸ்பிவாக். ரஷ்யச் சாம்ராஜ்யத்துக்கு உட்பட்டிருந்த உக்ரேனில், கிரெமென்சூக் நகரில், 1861-ல் பிறந்த இவர், இளமையில் ஜார் ஆட்சிக்கு எதிரான புரட்சி எண்ணங்களில் ஈடுபட்டு, காக் தம் கண்டுபிடிப்பை வெளியிட்ட அதே 1882-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே கூலி வேலைகள் செய்து பிழைத்து, பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1890-ல் வைத்தியரானார். மனைவியின் தேக நலத்தை முன்னிட்டு 1896-ல் டென்வரில் குடியேறினார். 1904-ல், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த எளிய தொழிலாளர்கள், அவர்களில் பலர் தாமே அந்த நோயால் பீடிக்கப்பட்டவர்கள், கூடி யூத க்ஷயரோகிகள் நிவாரண சங்கத்தை நிறுவியபோது ஸ்பிவாக் அதன் செயலாளரானார். 1927-ல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பிலேயே இருந்தார். நகருக்கு மேற்கே கூடாரங்களை அடித்து அவர்கள் தொடங்கிய சானடோரியத்தில், நோய் எந்த நிலையில் இருந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள், கட்டணம் இல்லை, யூதரல்லாதாருக்கும் இடம் உண்டு.

பழைய ஆஸ்பத்திரியின் விதியை இரக்கமற்றது என்று ஒதுக்கிவிடுவது எளிது; ஆனால் அது நியாயமாகாது. ஒரு படுக்கையில் ஒருவன் ஓராண்டு கிடந்து இறப்பதற்குள், அதே படுக்கையில் இருவர் குணமடைந்து குடும்பத்தினரிடம் திரும்பியிருக்கலாம் என்று கணக்கிட்டவர்கள், மனித உயிரை மதித்தே அப்படிக் கணக்கிட்டார்கள். மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தால் ஊர் தாங்குமா என்ற அச்சமும் பொய்யான அச்சம் அன்று. நோய் முற்றியவனே அதிகமாகக் கிருமிகளைப் பரப்புகிறவனாதலால், அவனைச் சேர்த்துக்கொள்வது ஊருக்கும் நன்மை என்று எதிர்த் தரப்பில் சொல்லலாம். அது உண்மையே. ஆனால் அந்த வாதத்தின்மேல் மட்டும் ஸ்பிவாக்கின் பக்கத்தை நிறுத்த என் மனம் ஒப்பவில்லை. ஏனெனில் அது சாகிறவனுக்குச் செய்யும் உதவியைப் பிழைத்திருப்பவர்களின் லாபத்தால் நியாயப்படுத்துகிறது.

யூத தர்ம சாஸ்திரத்தில் இதைவிட ஆழமான ஆதாரம் இருக்கிறது. ஓர் உயிரைக் காத்தவன் ஓர் உலகையே காத்தவனுக்கு ஒப்பாவான் என்ற, மிஷ்னா என்னும் பழைய யூதச் சட்டத் தொகுப்பின் கருத்தைச் சங்கம் தன் லட்சிய வாசகமாகக் கொண்டது. பலரும் அறிந்த கருத்துத்தான் இது. தால்முத்தில் யோமா என்னும் பகுதியில் வரும் ஒரு விதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேலை செய்வது கடுமையாக விலக்கப்பட்ட ஓய்வுநாளில் ஒருவன்மேல் கட்டிடம் இடிந்து விழுந்துவிட்டால், ஓய்வுநாள் விதியைத் தள்ளிவைத்துவிட்டு இடிபாடுகளை அகற்ற வேண்டும். அவன் நசுங்கிக் கிடந்து, இன்னும் சிறிது நேரமே உயிர் தரிப்பான் என்று தெரிந்த பின்னரும் நிறுத்தலாகாது என்கிறது அந்த விதி. அவன் பிழைத்து எழுந்து பல ஓய்வுநாட்களை அனுஷ்டிப்பான் என்ற பயன் இங்கே இல்லை. ஒரு நாழிகை உயிருக்காகவும் வாரந்தோறும் வரும் அந்தப் புனித நாளின் கட்டு தளர்கிறது. மரணத் தறுவாயில் இருப்பவன் எல்லா வகையிலும் உயிருள்ளவனாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவன் முடிவைத் துரிதப்படுத்தும் எதையும் செய்யலாகாது என்றும் அந்தச் சாஸ்திரம் வற்புறுத்துகிறது. ஓர் உயிர் ஓர் உலகம் என்பது மெய்யானால், அந்த உலகம் இன்னும் எத்தனை நாள் நீடிக்கும் என்ற அளவைக் கொண்டு அதன் மதிப்பைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

அப்படியானால், ஒரே படுக்கை இருக்க வாசலில் இருவர் நின்றால் என் செய்வது? அந்த நிமிஷத்தில் வைத்தியர் யாரையாவது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. நம் பெரியோர் ஆபத்தர்மம் என்று சொல்வது இத்தகைய நிலையைத்தான். ஆனால் ஆபத்துக்காலத்துக்கு உரியதை நித்திய விதியாக எழுதி வாசலில் பொறித்துவிட்டால், வெளியே நின்று இருமுகிறவனுடைய நோயே அவன் குற்றம்போல் ஆகிவிடுகிறது. படுக்கை போதவில்லை என்பது நோயாளியின் குறை அன்று, கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்துத் தீராத கடன் அது என்று கொண்டவர்களுக்கும், இருப்பதை வைத்துச் சிக்கனமாக நல்லது செய்வோம் என்று கொண்டவர்களுக்கும் இடையே இருந்த வேற்றுமைதான் டென்வரில் எனக்குத் தெரிவது.

ஸ்பிவாக்கின் சமயச் சிந்தையை அந்தச் சானடோரியத்தின் சமையலறையில் காணலாம். தேசிய ஆஸ்பத்திரியில் அக்காலத்தில் யூத ஆகார விதிகளின்படி சமைக்கவில்லை. உயிரைக் காக்க ஆகார விதிகளைத் தளர்த்தலாம் என்பது சாஸ்திர சம்மதமே ஆதலால், அதை எவரும் எளிதில் குறை கூறிவிட முடியாது. எனினும் சங்கத்தின் சானடோரியத்தில் கோஷர் விதிப்படியே சமைத்தார்கள். இளமையில் புரட்சி எண்ணங்களில் வளர்ந்து, தாம் வைதிக ஆசாரங்களில் ஊறியவராக இல்லாத ஒருவர், பிறருடைய ஆசாரத்துக்காக இவ்வளவு சிரமம் மேற்கொண்டதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். தன் தெய்வத்தைத் தலைவாசலில் விட்டுவிட்டு உள்ளே வா என்று சாகப்போகிறவனிடம் சொல்லும் தர்மம், அவனுக்கு ரொட்டியும் பாலும் கொடுத்தாலும் அவனை முழு மனிதனாக ஏற்கவில்லை. ஆனால் தமது தேகத்தைப் பற்றிய விஷயத்தில் ஸ்பிவாக் மரபை மீறினார். இறந்த உடலை உடனே, சிதைக்காமல், மண்ணில் இடவேண்டும் என்பது யூதர்களின் நெடுங்கால வழக்கம். அவரோ தம் உடலை மருத்துவ மாணவர்களின் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டு, எலும்புக்கூட்டை ஜெருசலேம் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும்படி உயில் எழுதினார். பிறர் விரதத்தைக் காத்தவர், தமக்கு மட்டுமே உரியதில் தம் வழியே நடந்தார்.

பின்வந்த விஞ்ஞானம் இந்த வழக்கில் எதிர்பாராத ஒரு சாட்சியம் அளித்தது. 1943-ல் க்ஷயரோகக் கிருமியைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின், 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியில் க்ஷயரோகிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலுமாக ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெருக்கடியான வீடுகளில், குறைந்த ஆகாரத்தோடும் குறைந்த ஓய்வோடும் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்பது 1959-ல் வெளிவந்தது. குணமாக்கியது மருந்தே, காற்றும் கட்டிலும் செய்தது சொற்பம். ஆகவே குணமாகக்கூடியவன், ஆகாதவன் என்று டென்வரில் பிரித்தவர்கள், தங்கள் சிகிச்சைக்கு இல்லாத ஒரு சக்தியை நம்பியே பிரித்தார்கள். அன்று இரண்டு ஸ்தாபனங்களின் கையிலும் ஐயமின்றி இருந்த பொருள், நோயாளிக்கு அருகில் இருந்து பேணுவது ஒன்றே. அதைக் கொடுப்பதற்கு அவன் பிழைப்பானா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

சங்கத்துக்குச் செல்வந்தர் சிலரின் பெருங்கொடைகளைவிட, பல ஊர்களில் உழைத்துப் பிழைத்த குடியேறிகள் அனுப்பிய சிறு காசுகளே ஆதாரம். கூடாரங்கள் நிறைந்தபோது நோயாளிகளைக் குறைக்கும் விதியைச் சங்கத்தார் எழுதவில்லை. இன்னும் கூடாரங்கள் அடித்தார்கள், பின்பு கட்டிடங்கள் எழுப்பினார்கள், அவற்றுக்காக மீண்டும் மீண்டும் கையேந்தினார்கள்.