ஒடுக்கத்தில் சிந்திய கண்ணீர்



சென்ற தபசுகாலத்தில் நம் பங்கிலிருந்து சில குடும்பங்கள், மனக்காயங்கள் ஆறுவதற்கென்று நடந்த மூன்று நாள் ஞான ஒடுக்கத்திற்குப் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். நானும் கூடப் போயிருந்தேன். சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து, கண் மூடாமலே வேனில் ஏறியவர்கள் உண்டு. மூன்று நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று வந்த காண்டிராக்ட் தொழிலாளரும் உண்டு. திரும்பி வந்து மூன்று வாரம் ஆகவில்லை. அவர்களில் ஒருவர் கோயில் முற்றத்தில் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். யார் என்று தேட வேண்டாம். நம் பக்கத்தில் இந்தக் கதை ஒரு வீட்டில் மட்டும் நடந்ததும் அல்ல.

தொழிற்சாலைக்கு நிலம் கொடுத்து வந்த பணத்தைப் பங்கிட்டதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பிணக்கு. பன்னிரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. தாயின் அடக்கத்தில்கூடக் குழியின் இரண்டு பக்கத்தில் நின்றார்கள். ஒடுக்கத்தின் இரண்டாம் நாள் இரவு, தேவநற்கருணை ஆராதனையில் இந்தத் தம்பி குழந்தையைப்போல் தேம்பி அழுதார். "அண்ணனை மன்னித்துவிட்டேன்" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். ஊருக்கு வந்த நான்காம் நாள், பஜாரில் டீக்கடை முன் அண்ணன் நின்றிருக்கக் கண்டார். நெஞ்சு எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். "சாமி, அப்படியானால் அந்த அழுகை பொய்யா? ஆண்டவர் என்னைக் குணமாக்கவில்லையா?" என்று கேட்டார்.

அன்று சரியான பதில் எனக்கு வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஞான ஒடுக்கங்களுக்குப் பாதுகாவலர் என்று 1922-ம் ஆண்டில் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் ஏற்படுத்திய அர்ச். இஞ்ஞாசியாரின் கதையைக் கேளுங்கள். 1521-ம் ஆண்டு மே மாதம், பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவருடைய கால் முறிந்தது. எலும்பைக் கட்டினார்கள். வீட்டிற்குத் தூக்கிக்கொண்டு வந்தபின் பார்த்தால் எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. வைத்தியர்கள் அதே காலை மறுபடியும் பிரித்து மறுபடியும் கட்டினார்கள். அப்போதும் முழங்காலுக்குக் கீழே ஒரு எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. மயக்க மருந்து இல்லாத அந்தக் காலத்தில் அதை அறுத்து எடுத்தார்கள். இவ்வளவு பட்டும் அவர் கடைசிவரை சற்று நொண்டித்தான் நடந்தார்.

நம் மனதும் அப்படித்தான் அன்றோ? பழைய காயம் தானே ஆறிவிட்டது என்று நினைக்கிறோம்; அது கோணலாகச் சேர்ந்திருக்கிறது. அந்தக் கோணல் எலும்பைத் திரும்பப் பிரிக்கிற வேதனைதான் ஒடுக்கத்தில் வந்த கண்ணீர். அது பொய்யல்ல. ஆனால் பிரித்த அன்றே எழுந்து ஓட முடியுமா?

இன்னும் ஒன்று. இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசா என்ற ஊரில் தங்கித் தபசு செய்தபோது, மனக்கலக்கம் முற்றி, தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும் சோதனைவரை போனார். இதை அவரே பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ஒடுக்கங்களின் தகப்பனுக்கே அப்படி ஒரு இருட்டு வந்ததென்றால், இரவில் தூக்கம் வராமல் தவிக்கிற நம் வீட்டுப் பிள்ளையை "விசுவாசம் இல்லாதவன்" என்று நாம் சொல்லலாமா? அந்த இருட்டில் அவர் கற்றுக்கொண்டதை நமக்கு ஒரு விதியாக எழுதி வைத்தார்: மனம் வறண்டு கலங்கி நிற்கும் வேளையில், வெளிச்சத்தில் செய்த தீர்மானத்தை மாற்றாதே. ஆகையால் அந்தச் சகோதரருக்கு என் பதில் இதுதான். ஆராதனையில் செய்த தீர்மானம் தீர்மானமே. டீக்கடை முன் எரிந்த நெஞ்சு அதை ரத்துசெய்ய முடியாது. மன்னிப்பது மனதின் சம்மதம். எரிச்சல் அடங்குவது அதற்குப் பின், தன் நேரத்தில் வருகிறது. அதுவரை தினமும் அண்ணன் பெயரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்லட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் சரி.

இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்பது என்றால் கணக்கை விட்டுவிடுவது என்று நான் சொல்லவில்லை. பெரியவர்கள் நாலு பேர் முன் உட்கார்ந்து பேசட்டும். குடித்துவிட்டு அடிக்கும் கணவனை மன்னிப்பது என்றால் இன்னும் அடிபட்டுக்கொண்டே இருப்பது என்றும் அர்த்தமல்ல. தாய்மார்களே, அப்படி யாராவது உங்களுக்குப் போதித்தால் என்னிடம் அனுப்புங்கள்.

வீட்டிலேயே ஜெபம் செய்யலாமே, கூட்டமாகப் போவானேன் என்று சிலர் கேட்கிறார்கள். ஜெருசலேமில் ஐந்து மண்டபங்கள் சூழ்ந்த குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் நோயாய்க் கிடந்தவனை அர்ச். அருளப்பர் காட்டுகிறார். அவன் சேசுநாதரிடம் முறையிட்டது நோயைப் பற்றியல்ல; தண்ணீர் கலங்கும்போது தன்னை இறக்கிவிட ஓர் ஆள் இல்லை என்பதைப் பற்றி. நம்மிடையே எத்தனை பேர் அப்படி! 1990 முதல் நம் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் குடும்பங்கள், கடலுக்கு அப்பால் விட்டுவந்த கல்லறைகளை நினைத்து யாரிடம் அழுவார்கள்? 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதிக் கடலை, பழவேற்காட்டுக் கரைப்பக்கத்து மக்கள் மறந்துவிட்டார்களா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே தாய் யார்? ஒடுக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்தான் அந்த ஆள். அவர் புத்தி சொல்ல வேண்டாம்; காது கொடுத்தால் போதும். எம்மாவுஸ் வழியில் நம் ஆண்டவரும் முதலில் கேட்டார். அந்த இரண்டு சீஷர்களும் தங்கள் துக்கத்தைச் சொல்லி முடித்தபிறகுதான் பேசினார்.

ஆனால் கேட்ட காதுக்கு வாய் இருக்கக்கூடாது! சென்ற ஒடுக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு சொன்னது, நாம் ஊர் திரும்பும் முன்னமே தண்ணீர்க் குழாயடிக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். இது சிறிய பாவம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண் இனிமேல் யாரிடமும் வாய் திறக்கமாட்டாள்.

கூச்சலும் தரையில் விழுவதும்தான் குணமடைந்ததற்கு அடையாளம் என்று எண்ணுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குணமளிக்கும் ஜெபக்கூட்டங்களைப் பற்றி உரோமை விசுவாசக் கோட்பாட்டுச் சபை 2000-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதியிட்ட கட்டளை ஒன்றைக் கொடுத்தது. பின்னால் பாப்பரசரான கர்தினால் இராட்சிங்கர் அதில் கையெழுத்திட்டார். வெறியாட்டமும் நாடகத்தனமும் அங்கே தலைகாட்டலாகாது, முக்கியமாய் நடத்துகிறவர்களிடத்தில் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. ஆண்டவர் மெதுவாகவும் பேசுவார்.

கடைசியாக என் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்து, மூன்று மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றார். நான் அவசரத்தில் இருந்தேன். "நம்பிக்கையோடு ஜெபமாலை சொல்லுங்கள்" என்று தலையில் கை வைத்து அனுப்பிவிட்டேன். ஒருநாள் நள்ளிரவில் அவர் மனைவி ஓடிவந்து என் கதவைத் தட்டியபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. உயிர் தப்பியது தேவ கிருபை. மனநோய் வைத்தியரிடம் கொண்டுபோனோம், மாத்திரை கொடுத்தார், சில மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். வைத்தியனைக் கனம்பண்ணச் சொல்லி சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் புத்தி சொல்வதைக் குருமடத்தில் படித்தவன்தான் நான். படித்தது அன்று உதவவில்லை. அவரே இந்த வருஷம் ஒடுக்கத்திற்கு வந்து, மூன்றாம் நாள் சந்தோஷத்தோடு, "சாமி, இனி மாத்திரை வேண்டாம்" என்றார். வேண்டும் என்று சொன்னேன். நிறுத்துவதும் குறைப்பதும் வைத்தியர் சொல்ல வேண்டிய காரியம். ஒடுக்கத்தில் பிரசங்கம் செய்கிறவர் எவ்வளவு பெரிய போதகராயிருந்தாலும் அவருக்கு அந்த அதிகாரம் இல்லை.

உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி-மானஸ் சேவை இரவும் பகலும் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், செலவில்லை. சென்னை கீழ்ப்பாக்கத்து அரசு மனநல மருத்துவமனை நமக்குத் தூரமும் அல்ல, அவமானமும் அல்ல. நள்ளிரவில் என் கதவையும் தட்டலாம்.

அடுத்த ஒடுக்கத்திற்குப் பெயர் கொடுக்கிறவர்கள் தங்கள் ஷிப்டைச் சேர்த்து எழுதிக்கொடுங்கள். வேன் நேரத்தை அதற்குத் தக்கபடி வைப்போம். மாத்திரைகளை மறக்காமல் கொண்டுவாருங்கள். செல்போனை உபதேசியாரிடம் கொடுத்துவிட வேண்டும். இதில் எனக்கும் விலக்கில்லை.

அந்தத் தம்பி அண்ணனிடம் போனாரா என்று கேட்பீர்கள். இன்னும் போகவில்லை. ஆனால் சென்ற ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, அண்ணன் மகளின் ஸ்கூட்டர் பஞ்சராகி நின்றது. இவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் வந்து வண்டியை வாங்கி, பஞ்சர் கடைவரை தள்ளிக்கொண்டு போனார். பிள்ளை பின்னாலே நடந்து போனாள்.

உங்கள் பங்கு சுவாமியார்