பக்கத்து இருக்கை

எங்கள் வாடகைக் கார் சாலையின் இடப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்டில் வலப்பக்கம் போக வேண்டும். அதை நான் பார்த்தேன். பார்த்த பிறகும் சொல்லவில்லை.

கிரேக்கத்தின் நக்ஸோஸ் தீவில், ஹல்கி கிராமத்துக்குப் பக்கத்தில் நடந்தது இது. சுற்றிலும் ஆலிவ் தோப்பு. ஒரு சின்னக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு மறுபடி வண்டியை எடுத்தோம். சாலையில் ஒரு வண்டிகூட இல்லை. எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவையே சொல்லிவிடும். காலிச் சாலையில்தான் உடம்பு ஊர்ப் பழக்கத்துக்குத் திரும்பும். என் கணவரின் முப்பது வருடப் பழக்கம் அவரை இடப்பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது. எனக்கு உடனே தெரிந்தது. "ஏங்க" என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. நான்கு நொடியோ ஐந்து நொடியோ அங்கேயே நின்றது.

வளைவில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டி வந்தவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி. கால்களுக்கிடையில் ஒரு சாக்குப் பை. அவர் சாலையை விட்டு மண்ணில் இறங்கினார், இவர் பிரேக்கை மிதித்து வண்டியை வலப்பக்கம் திருப்பினார். ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா வண்டியை நிறுத்தி, எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் புரிந்தது. பிறகு கையை நீட்டி வலப்பக்கத்தைக் காட்டினார், குழந்தைக்குக் காட்டுவதுபோல. போய்விட்டார்.

அந்த வளைவிலேயே கம்பத்தின் மேல் ஒரு சின்னக் கோயில் இருந்தது. கிரேக்கச் சாலைகளில் இதைப் போல நிறையப் பார்க்கலாம். கண்ணாடிக் கதவு வைத்த சிறிய பெட்டி, உள்ளே புனிதர் படம், ஒரு எண்ணெய் விளக்கு. அந்த இடத்தில் விபத்தில் இறந்தவர்களுக்காகச் சிலதை வைக்கிறார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் நன்றிக்காக வைப்பவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் எது எதற்கு என்று தெரியாது.

"இந்த ஊர்ல ரோட்டுல ஒரு அம்புக்குறிகூட ஒழுங்கா இல்ல" என்றார் அவர். இரவு சாப்பிடும்போதுதான் கேட்டார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

ஊருக்கு வந்து பல மாதங்களாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டு பதில்கள் சட்டென்று கைக்கு வருகின்றன. இரண்டுமே பாதிதான் உண்மை.

முதல் பதில்: சொல்லவிடாமல் செய்தது நீங்கள்தான். பக்கத்து இருக்கையில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள் நான். "சிக்னல் விழுந்துடுச்சு", "அங்க பள்ளம்", "கொஞ்சம் மெதுவா" என்று ஆரம்ப காலத்தில் சொல்லிப் பார்த்தவள். அதற்கு வரும் பதில் தமிழ்நாட்டில் கார் வைத்திருக்கும் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: "வண்டி ஓட்டறது நானா, நீயா?" அதற்குமேல் சண்டை வராது. முகம் இறுகும், அன்றைய நாள் கெடும். நாள் கெடாமல் இருக்க நான் சன்னல் வழியாக வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டேன். என்னிடமும் லைசென்ஸ் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்தபோதும் மகளைப் பள்ளியில் விடும்போதும் மட்டும் அது வெளியே வரும்.

இந்த விவரங்களில் பொய் இல்லை. ஆனால் ஸ்கூட்டரில் வந்த பெண்மணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என் திருமணத்தின் வரலாறு அவருக்குத் தெரியாது. அவர் தன் பக்கத்தில், தன் வழியில் வந்தார். என்னை வளர்த்த விதத்துக்கு அவர் ஏன் உயிரைத் தர வேண்டும்?

பயத்தால் செய்யும் செயல் நம்முடைய செயல்தானா என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் தன் நிக்கோமாக்கிய அறவியலில் எடுத்துக்கொள்கிறார். புயலில் சிக்கிய கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிபவர்கள் அவர் தரும் உதாரணம். யாரும் விரும்பி எறிவதில்லை, உயிர் பிழைக்க எறிகிறார்கள். இது கலப்புச் செயல், ஆனாலும் விரும்பிச் செய்யும் செயலின் பக்கமே சாய்கிறது என்பது அவர் முடிவு. ஏனென்றால் கையை அசைப்பது அவர்களே. இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது வேறு. எனக்கு அன்று இருந்தது புயல் பயமா? அடி விழாது, சாப்பாடு மறுக்கப்படாது. மிஞ்சிப்போனால் ஒரு மாலைநேரம் வீணாகும். அதைக் காப்பாற்ற நான் எறியத் தயாராக இருந்தது அடுத்தவருடைய உயிர். எங்கள் மூவருடைய உயிர் என்று சொல்ல வேண்டும், என்னுடையதும் அதில் சேர்த்தி. பயம் இவ்வளவு சிறியதாக இருக்கும்போது அதைப் பயம் என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கை இடப்பக்கம் போனதும் பழக்கம், என் வாய் மூடியதும் பழக்கம்.

இதே அரிஸ்டாட்டில்தான் 'அரசியல்' நூலில், பெண்ணுக்கு ஆராய்ந்து முடிவெடுக்கும் திறன் உண்டு, ஆனால் அந்தத் திறனுக்கு அதிகாரம் இல்லை என்கிற பொருளில் எழுதினார். பெண்ணின் மௌனத்தை அணிகலனாகப் பேசும் ஒரு நாடக வரியையும் அந்த இடத்தில் துணைக்கு அழைத்துக்கொள்கிறார். பயத்தில் செய்ததும் உன் செயலே என்று ஒரு நூல். உன் அறிவுக்குச் செல்லுபடி இல்லை என்று இன்னொரு நூல். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பக்கத்து இருக்கை எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது பதில் இதற்கு நேர் எதிரானது: தப்பு என் மேல்தான். இதைச் சொல்லும்போது எனக்கே அபாய மணி அடிக்கிறது. அவன் குடித்தால் அவள் கண்டிக்கவில்லை, மகன் கெட்டால் தாய் கவனிக்கவில்லை, வண்டி மோதினால் பக்கத்தில் இருந்தவள் பேசிக் கவனத்தைக் கலைத்தாள். ஆண் செய்யும் தவறுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து நிறுத்தும் வழக்கத்துக்கு நானே ஏன் தீனி போட வேண்டும்? அவர் கேட்ட "ஏன் சொல்லல" என்பதிலும் இதன் வாசனை இருந்தது. கேள்வி கேட்கும்போது அவர் முகத்தில் நிம்மதி தெரிந்ததாக எனக்குத் தோன்றியது. அது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

ரொம்ப நாள் குழம்பிய பிறகு எனக்குத் தோன்றியது இது. குற்றத்துக்கு ஒரு முகவரி உண்டு. அதை யாரிடம் ஒப்புக்கொள்கிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். என் மௌனத்துக்காக என் கணவரிடம் நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மௌனத்தை உரம் போட்டு வளர்த்தவர்களில் அவரும் ஒருவர். அவர் அதைப் பற்றிக் கேள்வி கேட்பது, பூட்டிய ஆளே கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்பதைப் போல. ஆனால் சாக்குப் பையோடு மண்ணில் இறங்கிய அந்த அம்மாவிடம் எனக்குக் கடன் இருக்கிறது. அவரிடம் "என்னைப் பேசவிடவில்லை" என்று சொல்ல முடியாது. ஒரே மௌனம்தான், ஒரு பக்கம் திரும்பினால் நான் பாதிக்கப்பட்டவள், மறுபக்கம் திரும்பினால் பாதிப்பை உண்டாக்கியவள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நக்ஸோஸ் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் கண்ணில் படுவது போர்ட்டாரா. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல். சுவரில்லை, கூரையில்லை, வாசல் மட்டும் நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் அஸ்தமனத்தில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். இந்தத் தீவில்தான் தீசியஸ் அரியாட்னியை விட்டுப் போனான் என்பது புராணம். கிரீட் தீவின் சிக்கல்கூடத்திலிருந்து அவன் வெளியே வர நூலைக் கொடுத்தவள் அவள். வழி தெரிந்தவள். அவள் தூங்கும்போது கப்பல் கிளம்பிவிட்டது. ஏன் விட்டுப்போனான் என்பதற்குப் பல கதைகள்: மறந்துவிட்டான், வேறு பெண்மேல் காதல், டையோனைசஸ் கடவுள் அவளைக் கேட்டார். ப்ளூட்டார்க் இப்படிப் பலவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறார். அதே பயணத்தில் அவன் இன்னொன்றையும் மறந்தான். உயிரோடு திரும்பினால் கறுப்புப் பாயை மாற்றுவதாகத் தந்தையிடம் சொல்லியிருந்தான், மாற்றவில்லை. கறுப்புப் பாயைக் கண்ட தந்தை ஏஜியஸ், மகன் இறந்துவிட்டான் என்று நினைத்து உயிரை விட்டார். அவர் பெயரால்தான் ஏஜியன் கடல். ஒரு ஆணின் மறதி ஒரு கடலுக்கே பெயர் வாங்கித் தந்திருக்கிறது. மறந்தவன் ஏதென்ஸின் அரசனானான், வீரனானான். நான் அன்று அம்மண்ணில் நின்று யோசித்தது, அந்தக் கப்பலில் வேறு யாருமே இல்லையா என்பதுதான். பாய் இன்னும் கறுப்பாக இருக்கிறது என்று ஒருவர் கண்ணிலும் படவில்லையா? பட்டிருக்கும். கப்பல் ஓட்டுவது நீயா நானா என்று கேட்டிருப்பான்.

வாடகைக்குக் கார் எடுத்த நாளுக்குத் திரும்புகிறேன். ஒப்பந்தத்தில் முதன்மை ஓட்டுநர் என்று ஒரு கட்டம். பிணைத்தொகைக்குக் கொடுக்கும் கடன் அட்டை அவர் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கடன் அட்டை யார் பெயரில் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் ஓட்டுநர் உண்டா என்று கவுண்ட்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். "தேவையில்ல" என்றார் அவர். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பணம் கட்டி வாங்கிய பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என் கைப்பையில் இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. இப்போது யோசித்தால், ஹல்கியின் ஐந்து நொடி இந்தக் கவுண்ட்டரிலேயே தொடங்கிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் பிறப்பதற்கு முன், 1983 வரைக்கும், கிரேக்கச் சட்டப்படி கணவர்தான் குடும்பத்தின் தலைவர், குடும்ப விஷயங்களில் முடிவு அவருடையது. அந்த வருடம் வந்த குடும்பச் சட்டம் அதை நீக்கியது, வரதட்சணை என்ற ஏற்பாட்டையும் சட்டத்திலிருந்து எடுத்தது, திருமணத்துக்குப் பின்னும் பெண் தன் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளும்படி செய்தது. காகிதத்தில் பெயர் இருப்பது சின்ன விஷயமில்லை. பெயர் எழுதாதவர் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது. தவறு செய்யக்கூட அனுமதிப் பட்டியலில் இடம் வேண்டும்.

மறுநாள் காலையில் அதே கவுண்ட்டருக்குப் போய் என் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். அவர் வெளியே நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டினேன். அப்பிராந்தோஸ் வழியாகத் தீவின் வடமுனையிலிருக்கும் அப்போலோனாஸுக்கு. மலைச்சாலை, கொண்டையூசி வளைவுகள், ஒரு பக்கம் கல் அடுக்கிய சுவர், மறுபக்கம் பள்ளம். திரும்புவதற்கு இண்டிகேட்டர் போட நினைத்தால் வைப்பர் ஓடியது, குச்சி இடம் மாறியிருந்தது. ஆகஸ்ட் வெயிலில், சொட்டு மழையில்லாத வானத்தின் கீழ், காய்ந்த கண்ணாடியைக் கரகரவென்று தேய்த்துக்கொண்டு மலையேறினோம். முந்தின நாள் அவருக்கும் இதேதான் நடந்தது. அவர் கையில் நடந்தபோது அது வண்டியின் கோளாறு. என் கையில் நடந்தபோது "பதட்டப்படாத" என்றார்.

அவருடைய பயத்தைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் காலுக்கு மிதிக்க பிரேக் இல்லை. அது எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் எரிச்சலோடு கவனித்ததில் ஒரு வித்தியாசம் பிடிபட்டது. "வளைவுல பஸ் வருது" என்பது சாலையைப் பற்றிய பேச்சு. "பார்த்து" என்பது என்னைப் பற்றிய பேச்சு. முதலாவது எனக்கு இன்னொரு ஜோடிக் கண்ணைத் தருகிறது. இரண்டாவது இருக்கிற கண்ணையும் பிடுங்கிக்கொள்கிறது. ஹல்கியில் நான் சொல்லியிருக்க வேண்டியது முதல் வகை. அதை இரண்டாம் வகையாக எடுத்துக்கொண்டு காயப்படுவார் என்று நானே முன்கூட்டித் தீர்மானித்து அவருக்கும் சேர்த்து முடிவெடுத்தேன். அதில் ஓர் அலட்சியமும் இருந்தது என்று இப்போது படுகிறது. இவருக்குச் சொல்லிப் பயனில்லை என்று ஒருவரைக் கைகழுவிவிட்டு, அவர் பக்கத்திலேயே பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பது.

அப்போலோனாஸில் பழைய கல்குவாரியில் ஒரு சிலை படுத்துக்கிடக்கிறது. பத்து மீட்டருக்கும் மேல் நீளம், முடிக்காமல் விட்டது. ஏறத்தாழ 2,600 வருடமாக மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தாடி மட்டும் தெரிகிறது, முகம் சரியாக இல்லை. அவர் அதன் பாதத்தருகே நின்றார், நான் படம் எடுத்தேன். இறங்கும்போது வண்டியைப் பின்னால் எடுக்கையில் ஒரு சுவரில் லேசாக உரசினேன். இருவரும் இறங்கிப் பார்த்தோம். ஒரு விரல் நீளக் கீறல். இன்சூரன்ஸ் இருக்கிறது என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது.

கடைசி நாள் துறைமுகத்துக்கு அவர் ஓட்டினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் "வலது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் சரியாகத்தான் போனார். மூன்றாவது திருப்பத்தில், "தெரியும்" என்றார்.

நான்காவது திருப்பத்திலும் சொன்னேன்.